ஒரே வேர், இரண்டு துறைகள்: தில்லி ஆய்வுக்கூடம் முதல் மூளை இன்சுலின் வரை

1931ஆம் ஆண்டில் ஒரே செடியின் வேரைப் பற்றி இந்தியாவில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று தில்லியில் வேதியியலர்கள் செய்தது. மற்றொன்று கல்கத்தாவில் மருத்துவர்கள் செய்தது. முன்னது அவ்வேரைக் கூறுகளாகப் பிரித்தது. பின்னது அவ்வேர் மனிதனுக்குள் சென்று என்ன செய்கிறது என்று பார்த்தது. மனச்சிதைவு நோய்க்கும் இன்சுலினுக்கும் டோபமினுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்றைய நரம்பியல் பேசுவனவற்றைப் புரிந்துகொள்ள இவ்விரு ஆய்வுகளிலிருந்து தொடங்குவது பயன் தரும். உடலும் மனமும் எப்போது, எவ்வாறு இரண்டு துறைகளாகப் பிரிந்தன என்பதை அந்த வேரின் கதையில் தெளிவாகக் காண முடிகிறது.

தில்லி ஆய்வு நடந்த இடம் கரோல்பாக். ஹக்கீம் அஜ்மல் கான் அங்கே நிறுவிய ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரிக்கு 1916 மார்ச் 29 அன்று வைசிராய் ஹார்டிங் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி அதைத் திறந்து வைத்தார். 1909இல் 'இந்திய சுயராஜ்ய'த்தில் மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடியவர் காந்தி. ஆனால் இத்திறப்பு விழாவில் நவீன அறிவியலரின் ஆராய்ச்சி வேட்கைக்கு அவர் மரியாதை செலுத்தினார்; அந்த வேட்கையோடு தமக்குப் பகையில்லை என்றார். மரபு மருத்துவத்தைப் போற்றுவதோடு நின்றுவிடாமல் சோதித்தும் பார்க்க வேண்டும் என்பது அஜ்மல் கானின் கொள்கை. ஃபிராங்க்பர்ட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய இளம் வேதியியலர் சலீமுஸ்ஸமான் சித்திகியிடம் ஆய்வுக்கூடம் அமைக்கும் பணி வந்தது. 1927 டிசம்பர் 29 அன்று அஜ்மல் கான் மறைந்தார். ஆய்வு நிற்கவில்லை.

சித்திகி எடுத்துக்கொண்ட வேர் சர்ப்பகந்தா. வடமொழிப் பெயரில் பாம்பு இருக்கிறது. பீகாரில் அதற்கு வழங்கிய பெயர் 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து. தாவரவியல் பெயரான ரவுல்ஃபியா, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுல்ஃபின் நினைவாகப் பின்னாளில் பிளூமியே இட்டது. மக்கள் இட்ட பெயர் செடியின் பயனைச் சொல்கிறது. அறிவியல் இட்ட பெயர் ஒரு மனிதரைச் சொல்கிறது. இந்த மரபைச் சித்திகி தம் ஆசானுக்காகப் பயன்படுத்திக்கொண்டார். 1931இல் அவரும் ரஃபத் ஹுசைன் சித்திகியும் அவ்வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். வெண்ணிறம் கொண்ட மூன்றுக்கு அஜ்மலைன், அஜ்மலினைன், அஜ்மலிசைன் என்றும், மஞ்சள் நிறம் கொண்ட இரண்டுக்குச் செர்ப்பென்டைன், செர்ப்பென்டினைன் என்றும் பெயரிட்டனர். யுனானி மருத்துவர் ஒருவரின் பெயர் இவ்வாறு உலக வேதியியலின் சொற்களஞ்சியத்தில் நுழைந்தது. இன்றும் இதய மின்னோட்டக் கோளாறான புருகாடா நோய்க்குறியைக் கண்டறியும் சோதனையில் அஜ்மலைன் பயன்படுகிறது. பைத்தியத்துக்கு மருந்து என்று பெயர் பெற்ற வேரிலிருந்து முதலில் கிடைத்த பொருள்களுள் ஒன்று இதயத்துக்குரியதாக அமைந்தது.

அதே 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சித்தப் பிரமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு புதிய இந்திய மருந்து என்பது அதன் தலைப்பின் பொருள். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வரை நாளுக்கு இருமுறை கொடுத்தபோது உறக்கம் வந்தது, இரத்த அழுத்தம் இறங்கியது, வெறித்தனம் அடங்கியது என்று அவர்கள் எழுதினர். மூன்று விளைவுகளும் ஒரே நோயாளியிடம் காணப்பட்டவை; ஆகவே அவற்றை ஒரே கட்டுரையில் எழுதினர். பழையோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று நிறுவுவதற்கு இதைச் சான்றாக்குவது பிழை. டோபமின் என்ற ஒன்று மூளையில் வேலை செய்கிறது என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. அவர்கள் செய்தது எளிமையான, ஆனால் நேர்மையான ஒரு செயல்: கட்டிலில் கிடந்த ஒரு மனிதரிடம் கண்ட மாற்றங்கள் அனைத்தையும் விடாமல் குறித்தனர். மனத்தில் நேர்ந்ததை ஓரிடத்திலும் உடலில் நேர்ந்ததை வேறோரிடத்திலும் எழுதவில்லை.

பிரிவினை அதன் பின்னர் வந்தது. கல்கத்தாவில் ராம்நாத் சோப்ரா குழுவினர் 1933இல் வேரின் மருந்தியலை ஆராய்ந்தனர். பம்பாயில் ரஸ்தம் ஜால் வக்கீல் உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 பேரிடம் அதைச் சோதித்து 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். வேரின் உறக்கந்தரும் ஆற்றலோ அதன் பெயர்பெற்ற ஆல்கலாய்டுகளில் இல்லை. அவற்றைப் பிரித்தபின் எஞ்சிய பிசின் பகுதியில் இருக்கிறது என்று 1940களில் இந்திய ஆய்வாளர்கள் காட்டினர். அப்பகுதியிலிருந்துதான் 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்தின் முல்லர், ஷ்லிட்லர், பெயின் ஆகியோர் ரிசர்பைனைப் பிரித்தனர். 1954இல் அமெரிக்காவின் ராக்லேண்ட் அரசு மருத்துவமனையில் நாதன் கிளைன் அதன் விளைவை மனநோயாளிகளிடம் கண்டு எழுதினார். 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் விருதுப் பட்டியலில் வக்கீலும் கிளைனும் அருகருகே இடம்பெற்றனர். ஒருவர் இரத்த அழுத்தத்துக்காக, மற்றவர் மனநோய்க்காக, வேர் ஒன்றே. சென், போஸ் இருவரின் தலைப்பிலிருந்த 'உம்' என்ற இடைச்சொல் அந்தப் பட்டியலில் காணாமற் போயிற்று.

மூளை அறிவியலுக்கு ரிசர்பைன் தந்த பெருங்கொடை மருந்து என்ற வகையில் அமையவில்லை. அது ஒரு கேள்வியாக அமைந்தது. அதைச் செலுத்திய விலங்குகள் ஏன் அசைவற்றுக் கிடக்கின்றன? சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957இல் அத்தகைய முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. எல்-டோபா மூளையில் டோபமினாக மாறுவது. அதுவரை டோபமினை வேறொரு வேதிப்பொருள் உருவாகும் வழியில் வரும் இடைநிலைப் பொருளாக மட்டுமே கருதி வந்தனர். அதுவே ஒரு நரம்புச் செய்தியாளன் என்ற கருத்து இச்சோதனைகளிலிருந்து எழுந்தது. நரம்பணுவுக்குள் டோபமினைச் சிறு பைகளில் சேமிக்கும் கடத்தியை ரிசர்பைன் அடைத்துவிடுகிறது, பைகள் காலியாகின்றன, அதனால் செய்தி நின்றுபோகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1952இல் அறிமுகமான குளோர்புரோமசைன் டோபமின் ஏற்பியை அடைக்கிறது என்பதும் 1963இல் கார்ல்சன் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த புரிதல். இவ்விரண்டும் சேர்ந்து, மனச்சிதைவு நோயில் டோபமின் மிகைப்படுகிறது என்ற கொள்கையைத் தந்தன. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு இணையாக ஓடிய இன்னொரு நீரோட்டம் இன்சுலினுடையது. 1921இல் டொராண்டோவில் கண்டறியப்பட்ட இன்சுலின் பன்னிரண்டே ஆண்டுகளில் மனநோய் விடுதிகளுக்குள் நுழைந்தது. 1933இல் வியன்னாவில் மன்பிரெட் சாக்கல், மனச்சிதைவு நோயாளிகளுக்கு இன்சுலின் அளவை நாள்தோறும் ஏற்றி, இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி, ஆழ்மயக்கத்தில் ஆழ்த்திப் பின்னர் குளுக்கோஸ் கொடுத்து எழுப்பும் முறையை அறிவித்தார். ஆபத்தான முறை, சிலர் எழவேயில்லை. எனினும் அது உலகெங்கும் பரவியது; இந்திய மனநல மருத்துவமனைகளும் அதைக் கைக்கொண்டன. 1953இல் ஹெரால்டு பூர்ன் அதை ஒரு கட்டுக்கதை என்று லான்செட் இதழில் வெளிப்படையாக எழுதினார். 1957இல் அதே இதழில் வெளியான ஆக்னர் குழுவின் ஒப்பீட்டுச் சோதனையில், இன்சுலின் மயக்கத்துக்கும் பார்பிச்சுரேட் மயக்கத்துக்கும் பயனில் வேறுபாடு தென்படவில்லை. முறை கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே. ஆனால் அதனோடு இன்னொன்றும் கைவிடப்பட்டது. இன்சுலினுக்கும் மனநோய்க்கும் ஏதேனும் உறவு உண்டா என்ற கேள்வியே மதிப்பிழந்தது.

அக்கேள்வியோ சாக்கலுக்கும் முந்தியது. மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று 1879இலேயே ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி எழுதியிருந்தார். மனச்சிதைவு நோயாளிகளின் உடலில் இன்சுலின் காலந்தாழ்த்திச் செயற்படுகிறது என்று 1945இல் பிரேஸ்லேண்ட், மெதுனா, வைச்சுலிஸ் ஆகியோர் காட்டினர். இவை எல்லாம் குளோர்புரோமசைன் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தவை. மருந்தால் வந்த விளைவு என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது.

மருந்துகள் வந்தபின் கதை சிக்கலாயிற்று. குளோர்புரோமசைன் பெற்றோரிடம் சர்க்கரை ஏறுவதை 1950களின் பிற்பகுதியிலேயே மருத்துவர்கள் கவனித்தனர். 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளோசபைன், 1996இல் வந்த ஒலான்சபைன் ஆகியவற்றின் பின்னர் அது புறக்கணிக்க முடியாத அளவுக்குப் பெருகியது. எடை கூடியது, நீரிழிவு வந்தது, கொழுப்பு ஏறியது. 2003இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. 2004இல் அந்நாட்டின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து கூட்டறிக்கை வெளியிட்டன. ஆயினும் அன்று பெரும்பாலோர் ஏற்ற விளக்கம் இதுதான்: மருந்து மூளையில் செய்வது நன்மை; உடலில் செய்வது பக்கவிளைவு. நன்மை மனநல மருத்துவரின் பொறுப்பு. பக்கவிளைவு வேறொரு துறையின் பொறுப்பு.

அந்தக் கோட்டை அழித்தவை மூன்று வகையான கண்டுபிடிப்புகள்.

முதலாவது, மருந்து தொடாத நோயாளிகளைப் பற்றியது. முதன்முறையாக நோய் வெளிப்பட்டு, மருந்து எதுவும் தொடங்காதவர்களிடமும் இன்சுலினுக்கு உடல் மந்தமாகப் பதிலளிப்பதை 2003 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. அவற்றைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வும் அதையே உறுதி செய்தது. மருந்து இச்சிக்கலைப் பெரிதாக்குகிறது. ஆனால் அதை முழுதும் மருந்தே தோற்றுவிப்பதில்லை.

இரண்டாவது, மூளைக்குள் இன்சுலின் செய்யும் வேலை. மூளைக்கு இன்சுலின் தேவையில்லை என்பதே நெடுங்காலப் பாடம். 1978இல் ஹவ்ரன்கோவா குழுவினர் எலியின் மூளையில் இன்சுலின் ஏற்பிகள் பரவலாக இருப்பதைக் கண்டனர். பின்வந்த ஆய்வுகள், டோபமின் நரம்பணுக்களிலும் அவை இருப்பதையும், அவை ஏகேடி எனப்படும் நொதியின் வழியே வேலை செய்வதையும் காட்டின. வெளிப்பட்ட டோபமினை மீண்டும் நரம்பணுவுக்குள் இழுத்துக்கொள்ளும் கடத்தியை அணுவின் மேற்பரப்பில் நிலைநிறுத்துவது இன்சுலின் குறிப்பு. அக்குறிப்பு தளர்ந்தால் கடத்தி உள்ளே பின்வாங்குகிறது. டோபமின் அகற்றப்படும் வேகம் மாறுகிறது. 2004இல் மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்நொதியின் ஒரு வகை குறைந்திருப்பதை எமாமியன் குழுவினர் அறிவித்தனர். டோபமினின் டி2 ஏற்பியும் இதே நொதியைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் அக்காலத்திலேயே தெரியவந்தது. இன்சுலினும் டோபமினும் மூளையில் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுகின்றன. 2021இல் ஜெர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள், நலமுள்ள இளைஞர் சிலருக்கு மூக்கின் வழியே இன்சுலின் தெளித்தபோது மூளையின் ஆழ்பகுதியில் டோபமின் அளவு குறைவதைப் படமெடுத்துக் காட்டினர். விலங்கில் கண்டதை மனிதரிடம் நோக்கிய முயற்சி இது. சிறிய ஆய்வு, அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது.

மூன்றாவது, எதிர்த்திசையிலிருந்து வந்தது. டோபமின் மூளைக்கு மட்டும் உரியதன்று. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா அணுக்களிலும் டி2 ஏற்பிகள் உள்ளன. டோபமின் அங்கே சுரப்பை அடக்கும் கடிவாளமாகச் செயற்படுகிறது. மனச்சிதைவுக்கான மருந்து அந்த ஏற்பியை அடைக்கும்போது கடிவாளம் தளர்கிறது. இன்சுலின் மிகையாகச் சுரக்கக்கூடும். மிகை நீடித்தால் உடல் அதற்கு மரத்துப்போகும். மூளையில் எந்தப் பூட்டை மருந்து அடைக்கிறதோ அதே பூட்டுக் கணையத்திலும் இருக்கிறது. இதன் மறுபக்கமாக, டோபமின் ஏற்பியைத் தூண்டும் புரோமோகிரிப்டின் என்ற மருந்து 2009இல் அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. மூளை மருந்தாக வளர்ந்த ஒன்று சர்க்கரை மருந்தாகவும் ஆயிற்று.

இவற்றைக் கொண்டு மனச்சிதைவு ஒரு வகை நீரிழிவு என்று முடிவு கட்டுவது மிகை. மரபணு, கருப்பையில் கழிந்த காலம், வறுமை, உறக்கம், உணவு, புகைபிடித்தல் ஆகிய அனைத்தும் இருபுறமும் இழுக்கின்றன. எது காரணம், எது விளைவு என்ற வழக்கு முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் முடிந்துவிட்டது. மனநோயாளியின் உடலை மனநல மருத்துவத்துக்கு வெளியே வைக்க இனி அறிவியல் காரணம் எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது நிறுவன வழக்கமே.

அந்த வழக்கத்துக்கும் வரலாறு உண்டு. காலனிய அரசு மனநோய் விடுதிகளைப் பொது மருத்துவமனைகளிலிருந்து விலக்கியே கட்டியது. 1871இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த விடுதி அத்தகையது. விடுதலைக்குப் பின் தில்லியில் 1966இல் தொடங்கிய மனநோய் மருத்துவமனையும் நகரின் மறுகரையில், ஷாதராவில், தனியாகவே எழுந்தது. மாற்று வழியும் இந்நாட்டில் இருந்தது. 1933இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் ஒரு பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநோய்ப் பிரிவைத் தொடங்கினார். ஆனால் அம்முறை பரவலாக வேரூன்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன. மதிலுக்கு அப்பால் இருந்த நோயாளியின் நெஞ்சையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டியவர்கள் மதிலுக்கு இப்பால் இருந்தனர்.

விலை சிறிதன்று. மனச்சிதைவு நோயாளிகள் பிறரைவிடச் சராசரியாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர். தற்கொலை மட்டும் அதற்குக் காரணமன்று. பெரும்பகுதி இதய நோயாலும் அதைப் போன்ற உடல்நோய்களாலும் நேர்வது. தெற்காசியருக்கு இதில் இடர் இன்னும் கூடுதல். மெலிந்த தோற்றத்திலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வரும் உடல்வாகு நம்முடையது. இதனால்தான் 2009இல் தில்லியின் அனூப் மிஸ்ரா முதலானோர் வெளியிட்ட இந்திய வரையறை, இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்தது. மேலைநாட்டு அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தால் நோயாளி ஆபத்தான எல்லையைத் தாண்டியபின்னும் நலமாக இருக்கிறார் என்றே ஏட்டில் பதிவாகும்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்துவிட்டது. தில்லியில் நாடாளுமன்றம் இயற்றிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், மனநோயாளியை உடல்நோயாளிக்கு இணையாக நடத்த வேண்டும் என்கிறது. இணை என்ற சொல்லுக்கு மருத்துவ உதவியும் காப்பீடும் பெறுவதில் சமத்துவம் என்பது அங்கே பொருள். மேலே கண்ட வரலாறு அச்சொல்லுக்கு இன்னும் ஆழமான பொருளைக் கேட்கிறது: மனநோயாளி உடல்நோயாளியாகவும் இருப்பவர். எதைச் செய்யலாம் என்பதும் தெரியாததன்று. எடை கூடியவர்களுக்கு மெட்ஃபார்மினும் வாழ்க்கைமுறைப் பயிற்சியும் பயன் தருவதை 2008இல் சீனாவில் நடந்த சோதனை காட்டியது. மெட்ஃபார்மின் இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் இன்றியமையா மருந்து.

தமிழில் இந்த இரு துறைகளுக்கும் வழங்கும் கலைச்சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1908இல் பிளாய்லர் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லுக்கு மனம் பிளவுபடுதல் என்பது நேர்ப்பொருள். தமிழில் நிலைபெற்றதோ மனச்சிதைவு. மெட்டபாலிசம் என்பதற்குத் தமிழில் வழங்குவது வளர்சிதை மாற்றம். ஒன்றை ஆக்கியவர்கள் மற்றொன்றை நினைத்திருக்கத் தேவையில்லை. இரண்டிலும் 'சிதை' என்ற ஒரே வினையடி வந்து அமர்ந்தது தற்செயலே. ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. வளர்சிதையில் சிதைவு வளர்ச்சியோடு சேர்ந்து வருகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. மனச்சிதைவில் சிதைவு மட்டுமே நிற்கிறது. நோயாளியையும் குடும்பத்தையும் அச்சுறுத்தும் சொல் அது. அவருடைய உடலில் அன்றாடம் நடக்கும் ஆக்கமும் அழிவும் அச்சொல்லில் இடம்பெறவில்லை. சிகிச்சையிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

சென்னும் போஸும் 1931இல் ஒரே தாளில் மனத்தையும் இரத்த அழுத்தத்தையும் குறித்தனர். அவர்களிடம் இருந்தவை நோயாளியும் பொறுமையுமே. இன்று ஏற்பிகளின் பெயர்களும் நொதிகளின் வழிகளும் தெரியும். இத்தனையும் தெரிந்தபின்னும், மனநலப் புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதும் மேசைக்கு அருகே ஓர் எடைக்கருவியும் ஓர் அளவுநாடாவும் இல்லையென்றால், குறை அறிவியலில் இல்லை.